மாலை போட்டால் 48 நாள் முடிகிறது, கட்டிங்கோடு நிற்க முடியவில்லை: குடியைக் குறைப்பதா, விடுவதா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 38, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குப் போய்க் கரை திரும்பும் ஒவ்வொரு நாளும் ஒரு குவாட்டர், அதாவது வாரத்துக்கு மூன்று. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அது தினசரி ஆகிவிடுகிறது, சில நாள் ஆஃப், அதாவது இரண்டு குவாட்டர் வரைக்கும் போகிறது. போன வருடத் தடைக்காலத்தின் கடைசியில், காலையில் டீ கிளாஸைப் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கியது என்கிறார். அப்பா ஈரல் கெட்டு 52 வயதில் இறந்திருக்கிறார். இரண்டு வருடமாக ஐயப்பனுக்கு மாலை போடுகிறார், அந்த 48 நாளும் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. "அக்கா, என்னால் நிறுத்த முடியும் என்று அதிலேயே தெரிகிறதே. அப்படி இருக்கும்போது முழுசாக விட வேண்டுமா? கட்டிங்கோடு, அரைக் குவாட்டரோடு, நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்." இதுதான் கேள்வி. கட்டிங்கோடு நிறுத்திக்கொள்ள ஏற்கெனவே மூன்று முறை முயன்றதாகவும், மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் பழையபடி ஆகிவிட்டதாகவும் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

தம்பி, நான் 27 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள். அதில் பெரும்பகுதி இந்தக் கரையோரத்தில், ஆண்கள் வார்டில். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயம் எல்லாம் டாக்டர் உங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் குடித்து வந்தவர்கள், குடியை நிறுத்தி வந்தவர்கள், இரண்டு பேரையும் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விட்டுவிடுங்கள். குடிக்கிற எல்லோருக்கும் இதையே சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். ஏன் என்று பொறுமையாக விளக்குகிறேன். அதுபோல, நாளைக்குக் காலையிலேயே தனியாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் கீழே வரும்.

முதலில் குவாட்டர் கணக்கைப் பார்ப்போம். நம் ஊர்க் கடையில் விற்கிற பிராந்தி, ரம், விஸ்கி எல்லாவற்றிலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 30 மில்லி சின்ன பெக் ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவத்தில் இதை ஓர் அலகு என்று எடுத்துக்கொள்கிறார்கள். குவாட்டர் 180 மில்லி, அப்படியென்றால் ஆறு அலகு. நீங்கள் குறைவு என்று நினைக்கிற கட்டிங்கே மூன்று அலகு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் இருந்தால் நான்கு அலகு, ஆகவே "பீர்தானே" என்பதற்கும் பெரிய அர்த்தம் இல்லை. ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமாராக ஓர் அலகைத்தான் கழிக்கும். மோர், எலுமிச்சை, குளியல், கறுப்புக் காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் குவாட்டர் வாங்கிக் குடித்துவிட்டு, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து படகுக்குப் போகிறவர் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கலாம். ஆஃப் குடித்திருந்தால் மறுநாள் உச்சி வெயில் வரைக்கும் இருக்கும். படகின் அணியத்தில் நின்று கயிறு பிடிக்கிறவருக்கு அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கடலில் ஒரு வாய் போடுகிறவர்களையும் கேட்டிருக்கிறேன். அது தோலுக்கு ரத்தத்தை இழுத்துச் சூடாக இருப்பதுபோல் காட்டும். உள்ளே உடம்பு இன்னும் வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும்.

அளவாகக் குடிப்பதில் நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. கடையில் விற்கிற சின்ன பாட்டிலே குவாட்டர்தான். கட்டிங் என்றால் பாதி போட இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் "இன்னொன்று வாங்கிக்கலாம், நான் தர்றேன்" என்றால் உங்கள் கட்டிங் அங்கேயே குவாட்டர் ஆகிவிடும். உங்கள் அளவை நீங்கள் வைக்கவில்லை, கூட உட்காருகிறவர் வைக்கிறார். உங்கள் மூன்று முயற்சியும் எந்த இடத்தில் உடைந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடமாகத்தான் இருக்கும்.

சரி, மாலைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

48 நாள் இருந்தேன் என்கிறீர்கள். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தேவாலயத்துக்குப் போகிற நம் பிள்ளைகளும் தவக்காலம் 40 நாள் இப்படித்தான் இருக்கிறார்கள், ஈஸ்டர் அன்று ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அந்த 48 நாளும் உங்கள் முன்னால் இருந்த கேள்வி "தொடாமல் இருக்க முடியுமா" என்பது. கட்டிங்கோடு நிற்பதற்கு வேண்டியது வேறு: "தொட்ட பிறகு நிற்க முடியுமா?" முதல் பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டிலும் தேறிவிட்டீர்கள். இரண்டாவது பரீட்சையை மூன்று முறை எழுதி மூன்றிலும் தேறவில்லை. முதல் பரீட்சையின் மார்க்கைக் கொண்டுவந்து இரண்டாவதில் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

இரண்டும் வேறு என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. "போதும்" என்று முடிவெடுக்கிற மூளைப் பகுதியைத்தான் ஆல்கஹால் சீக்கிரமே மந்தமாக்கும். முதல் கிளாஸ் உள்ளே போனதும், இரண்டாவதைத் தடுக்க வேண்டிய ஆள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார். வருடக்கணக்கில் குடித்த மூளைக்கு அந்த முதல் கிளாஸ் மிச்சத்தையும் கொண்டுவா என்று கேட்கப் பழகியிருக்கும். இதில் மனவுறுதிக் குறைவு என்று உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கொந்தளிப்பில் நின்று வலை இழுக்கிறவருக்கா மனவுறுதி குறைவு?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை போட்ட நாட்கள் கஷ்டமாக இருந்தனவா, கட்டிங் நாட்கள் கஷ்டமாக இருந்தனவா? நான் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் மாலை நாட்கள்தான் லேசு என்றார்கள். மாலை போட்டதும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோகிறது, எல்லோருக்கும் நீங்கள் "சாமி". கூட்டாளி கூப்பிட மாட்டான், கூப்பிட்டவனையும் பக்கத்தில் இருப்பவர் அதட்டுவார். விடியுமுன் குளியல், சாயங்காலம் பஜனை, வீட்டில் தனிச் சமையல். குடிப்பதா வேண்டாமா என்று தினமும் உங்களை யாரும் கேட்கவில்லை, நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நாள், துளசி மணியைக் கழுத்தில் போட்ட அன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டீர்கள். கட்டிங் நாட்களில் அப்படி இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும், ஒவ்வொரு கிளாஸுக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டும், அதுவும் களைத்துப்போய், வெறும் வயிற்றோடு, கையில் பங்குக் காசோடு. அளவாகக் குடிப்பது லேசான வழி, விடுவது கடினமான வழி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது நேர்மாறு என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது.

யாருக்கு அளவு சரிப்படும்? அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கல்யாணம், கோயில் கொடை என்று மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, இரண்டு பெக்கோடு எழுந்துவிடுகிறவர். குடிக்காத நாளில் அதைப் பற்றிய நினைப்பே வராதவர். காலையில் கை நடுங்காதவர், வேலைக்குப் போகத் தவறாதவர், குடியால் வீட்டில் சண்டை வராதவர், ஈரல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லாதவர். அவருக்கு நான் விட்டுவிடு என்று கட்டாயப்படுத்த மாட்டேன். குறைத்துக்கொள், வெறும் வயிற்றில் வேண்டாம், தொழிலுக்குப் போகும் முந்தின ராத்திரி வேண்டாம், என்ன குடித்தாய் என்று காலண்டரில் எழுதிவை என்பேன். ஆனால் உடம்புக்கு நல்லது என்று ஓர் அளவு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே, ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று இல்லை எனச் சொல்லிவிட்டது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல் என்று பட்டியல் நீளும். கூடவே புகையிலையும் போடுகிறவருக்கு வாய், தொண்டை ஆபத்து பல மடங்கு.

சிலருக்கு அளவு என்ற பேச்சே கிடையாது. ஈரல் சுருங்கியவர், ரத்த வாந்தி எடுத்தவர், கணையம் வீங்கி வந்தவர், குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், மூளை குழம்பியவர், கர்ப்பிணி. சர்க்கரைக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரையோ எடுப்பவர் குடித்தால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடலாம். போதையில் கிடக்கிறார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், அவர் மயக்கத்தில் கிடப்பார்.

நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், ஆனால் நடுவில் இருந்து எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்று பாருங்கள். டாக்டர்கள் நான்கு கேள்வி கேட்பார்கள். குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? யாராவது உங்கள் குடியைச் சொல்லிக் காட்டும்போது கோபம் வந்ததுண்டா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி வந்ததுண்டா? நடுக்கத்தையும் தலைவலியையும் தீர்க்கக் காலையில் ஒரு வாய் போட்டதுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே கவனிக்க வேண்டும். உங்கள் கேள்வியிலேயே முதலாவதற்கு மூன்று முறை ஆமாம் வந்துவிட்டது. நான்காவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அந்தத் தடைக்காலக் கடைசியில் கை நடுங்கியபோது அதை எப்படி நிறுத்தினீர்கள்? அதற்கு எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பாவின் விஷயமும் உண்டு. குடிநோய்க்கு ஆளாகிற தன்மையில் சுமார் பாதி பரம்பரையில் வருவது என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அப்பாவின் கதை உங்களுக்கும் நடந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் கூட்டாளிக்குத் தாங்குகிற அளவு உங்களுக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்தக் கை நடுக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு நிறுத்தி உயிரை விட்டவர்கள் உண்டு.

பல வருடம் முன்பு, கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் காலில் திருக்கை முள் குத்தி, சீழ் பிடித்து வார்டில் சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும், அமைதியான மனிதர். தினமும் குடிக்கிறவர் என்று அவரும் சொல்லவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. கால் புண்ணுக்கு வந்த இடத்தில் அதை எதற்குச் சொல்வது என்று நினைத்திருப்பார்கள். முதல் நாள் ராத்திரி தூக்கம் இல்லை. இரண்டாம் நாள் வியர்வை, கை நடுக்கம், வாந்தி. காய்ச்சலால் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நான் சுற்றி வரும்போது, அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வலை இழுத்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, கை மாற்றிக் கை, சீராக, மடியில் சுருட்டிப் போட்டுக்கொண்டு. பக்கத்துக் கட்டில் பெரியவரைப் பார்த்து, "கயிறை விடாதே, சுத்திக்கிரும்" என்றார். பிறகு கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் குழாயை எடுத்துப் பல்லால் கடித்து, அறுந்த கண்ணி ஒன்றை முடியத் தொடங்கினார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தார், ஆனால் நான் அங்கே இல்லை. அவர் கடலில் இருந்தார்.

அவருடைய அம்மா பேய் பிடித்துவிட்டது என்று அழுதார். விடிந்ததும் ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நம் பக்கத்தில் இது வழக்கம்தானே. வேண்டிக்கொள்வதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்களே, அதற்குப் பிறகு மருத்துவம் பார்க்காமல் அங்கே கொண்டுபோக நான் எந்தக் குடும்பத்தையும் விட்டதில்லை. டாக்டர் வந்து பார்த்ததும் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தினமும் எவ்வளவு குடிப்பார்?" அதற்குப் பிறகு ஊசி, தயமின் என்கிற பி1 வைட்டமின், தண்ணீர்ச் சத்து, யாராவது ஒருவர் கூடவே. ஐந்தாம் நாள் தெளிந்து, "சிஸ்டர், நான் எப்ப வந்தேன்?" என்று கேட்டார். வலை இழுத்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை.

இது மதுவை நிறுத்தியதால் வந்தது. தினமும் மதுவால் அமுக்கிவைத்த மூளை, அதை எடுத்ததும் எகிறுகிறது. கடைசிக் குடி முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு இந்த மனக்குழப்பம். சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள், கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். தங்குகடலுக்குப் போகும் படகில், கரையிலிருந்து ஒரு நாள் தூரத்தில் இது வந்தால் என்ன செய்வது? தினமும் குடிக்கிறவர்கள் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறும்போதும் இதே கதைதான்.

உங்களுக்கு இதில் முக்கியமான ஒரு சங்கதி உண்டு. நிறுத்துவது, ஆரம்பிப்பது, மறுபடி நிறுத்துவது என்று திரும்பத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு தடவையும் நிறுத்தும்போது வருகிற தொந்தரவு முன்னைவிடப் பலமாக வரலாம். மூளை அந்த அதிர்ச்சிக்குப் பழகுவதில்லை, மேலும் மேலும் எளிதாக எகிறுகிறது. இரண்டு வருடம் மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பது, தினமும் குடித்த பிறகு நிறுத்தும்போது ஒன்றும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுபோல 48 நாள் கழித்து மலையிலிருந்து வந்ததும் பழைய அளவையே குடிப்பதும் ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும்.

அதனால்தான் காலத்தைப் பாருங்கள் என்கிறேன். இப்போது மார்ச் மாதம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். தடைக்காலம் முடிந்ததும் நிறுத்துகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால், தினமும் குடித்து, கை நடுங்கும் நிலையில் நிறுத்த வேண்டிவரும். இப்போது நீங்கள் வாரத்தில் மூன்று நாள் குடிக்கிறீர்கள், காலை நடுக்கம் இல்லை என்றால் உடம்பு இன்னும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. டாக்டரைப் பார்த்து இப்போதே நிறுத்துவது பாதுகாப்பு. காசுக் கணக்கும் போடலாம். குவாட்டர் 150 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 61 நாளுக்கு 9,150 ரூபாய். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான்.

விடுவதற்கு மருந்தும் உண்டு. முதல் வாரத்து நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை வேறு. ஏழெட்டு நாள் எடுத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதை மருந்துக்கடையில் நீங்களே வாங்கித் தொடர்ந்தால் அதுவே பழக்கமாகிவிடும். பிறகு மாதக்கணக்கில் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. ஈரல் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்வார்கள். டைசல்ஃபிராம் என்று மூன்றாவது ஒன்று. அதைச் சாப்பிட்டுவிட்டு மது தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்தப் பயம் உண்டு. தெரிந்து, சம்மதித்து எடுக்கிறவருக்கு அது நல்ல வேலி. "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து விற்கிற பொடிகளை மட்டும் உங்கள் வீட்டுக்காரம்மா வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த மருந்தே கலந்திருந்தால், தெரியாமல் ஒரு குவாட்டர் போட்ட ராத்திரியே உயிர் போகலாம். அலுப்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிற பழக்கமும் நம் பக்கம் உண்டு. எங்கே போனாலும் குடிக்கிறவர் என்று முதலில் சொல்லுங்கள். குடிக்கிறவர்களுக்குப் பி1 சத்து குறைந்திருக்கும், குளுக்கோஸுக்கு முன்னால் அதைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் நிலை குத்தி, நடை தள்ளாடி, மூளைக் குழப்பம் வரலாம்.

கள் குடித்தால் தப்பில்லை, அது பனைமரத்து உணவு என்று உங்கள் கூட்டாளி யாராவது சொல்வார். சாயல்குடிப் பக்கத்துப் பனைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். ஐந்து சதவீதக் கள் ஒரு லிட்டர் குடித்தால் நான்கு அலகு, உங்கள் கட்டிங்கைவிட அதிகம். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பது தனி. பதநீர் தாராளமாகக் குடியுங்கள், சீசனும் இதுதான்.

விட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு உங்கள் மாலையே வழி காட்டுகிறது. அந்த 48 நாள் உங்களைக் காத்தவை எவை என்று எழுதிப் பாருங்கள். உங்களை யாரும் கூப்பிடாதது ஒன்று. அதனால் இரண்டு மூன்று கூட்டாளிகளிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்: "அப்பா மாதிரி எனக்கும் ஈரல்ல பிரச்சினை வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க, கூப்பிடாதீங்க." இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நம் ஊரில் ஈரல் என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு. சாயங்காலம் போக ஓர் இடம் இருந்தது இன்னொன்று. கரை திரும்பிய நாள் உங்களுக்கு மிக ஆபத்தான நாள். விடிகாலை வந்து, மீன் இறக்கி, எடை போட்டு, பங்கு கைக்கு வரும்போது கடை திறக்கும் பன்னிரண்டு மணியும் வந்துவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, காலையில் ஒரு டீதான். அந்த நேரத்தில் யாராலும் நல்ல முடிவெடுக்க முடியாது. அதனால் முடிவை முன்பே எடுத்து வையுங்கள். பங்கை வீட்டில் இருப்பவர் வந்து வாங்கட்டும், அல்லது அவர் கணக்கில் போடச் சொல்லுங்கள். இறங்கியதும் வயிறு நிறையக் கஞ்சியும் துவையலும். பிறகு தூக்கம். உடம்பு அலுப்புக்குக் குடிக்கிறேன், தூங்கக் குடிக்கிறேன் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மது தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் எழுப்பிவிடும். குடித்த நாள் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதே, அது அதனால்தான். விட்ட முதல் இரண்டு மூன்று வாரம் தூக்கம் இன்னும் மோசமாக இருக்கும், எரிச்சல் வரும். அது நிலைக்காது.

இடையில் ஒரு நாள் தவறி ஒரு கிளாஸ் உள்ளே போய்விடலாம். போனால், "எல்லாம் போச்சு" என்று பாட்டிலை முடிக்காதீர்கள். அந்தக் கிளாஸோடு எழுந்து வீட்டுக்கு வாருங்கள், மறுநாள் டாக்டரிடம் சொல்லுங்கள். முழுசாக விட உங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை என்றாலும் சிகிச்சைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவரையும் எந்த நல்ல டாக்டரும் திருப்பி அனுப்ப மாட்டார். ஆறு அலகு மூன்றானாலும் ஈரலுக்கு லாபம்தான். அந்த வழியில் போனால் இரண்டு மாதக் கெடு வையுங்கள்: வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு சின்ன பெக், காலண்டரில் குறிப்பு. மூன்று முறை அளவு தாண்டினால் பேச்சை முடித்துவிட்டு விடும் வழிக்கு வந்துவிட வேண்டும் என்று இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள். ஈரலில் வெறும் கொழுப்பு மட்டும் படிந்திருந்தால் சில வாரம் தொடாமல் இருந்தாலே அது குறையத் தொடங்கும். சுருங்கிய பிறகு அப்படித் திரும்பாது.

வீட்டில் இருப்பவர் இதைப் படித்தால்: அம்மா, அவர் குடித்து வந்த ராத்திரி பேசாதீர்கள். எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அது அவர் காதில் நிற்காது, உங்களுக்குத்தான் காயம். காலையில், கஞ்சி குடிக்கும்போது பேசுங்கள். அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஒருநாளும் இல்லை. 181 என்ற எண் பெண்களுக்காகவே இருக்கிறது.

சரி தம்பி, போக வேண்டிய நாளையும் சொல்லிவிடுகிறேன். திங்கள், புதன், சனி கடல் என்றால் வெள்ளிக்கிழமை உங்களுக்கு முழுசாக ஓய்வு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், குடிநோய்க்கும் அங்கேதான் மருத்துவம். காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள், வீட்டில் இருப்பவரையும் கூட்டிப் போங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வருடமாக, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தீர்கள், கை நடுங்கியது எப்போது, வலிப்பு உண்டா, அப்பாவுக்கு என்ன, இப்போது வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள். குவாட்டரை கட்டிங் என்று குறைத்து எழுதாதீர்கள், மருந்தின் அளவு அதை வைத்துத்தான். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. 14446 போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கும் எண். வியாழக்கிழமை கரை திரும்பியதும் குடிக்காமல் இருந்து, வெள்ளி காலைக்குள் கை நடுங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், குடியை நிறுத்தி இத்தனை மணி நேரம் ஆகிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.